பானைக் கணக்கும் கோப்பைக் கணக்கும்



சென்ற இதழில் நுண்கடன் பற்றியும் கிழமைத் தவணை பற்றியும் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தோழி, "கடன் கணக்கை எங்களுக்கு நித்திரையிலயும் சொல்லத் தெரியும் மிஸ். அதை விட்டிட்டு எங்கட குசினிக் கணக்கை ஒருக்கா எழுதுங்கோ" என்று கேட்டிருந்தார். அவர் என்ன நினைத்துக் கேட்டாரோ தெரியாது. ஆனால் கடந்த சில மாதங்களாக நானும் ஒரு கிராமத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு குசினிக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இம்முறை அதையே எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம். அன்று பதினான்கு பேர் வந்திருந்தார்கள். இளந்தாய் ஒருவர் இடுப்பில் பிள்ளையோடு பிந்தி வந்தார். கிளினிக்கிலிருந்து நேரே வந்திருக்கிறார். பிள்ளைக்கு இரண்டரை வயது. நிறைக் கோடு மூன்று மாதமாக ஏறவில்லை. "பிள்ளைக்குக் கலோரி காணாது எண்டு மிட்வைஃப் சொன்னவ. கலோரி எண்டா என்ன மிஸ்? கடையில விக்குமோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "நாங்கள் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கிற சக்தியின் அளவு" என்றேன். அப்போது மூலையிலிருந்த வயதான அம்மா ஒருவர், "அந்தச் சக்தியைச் சுண்டால அளக்கலாமோ பிள்ளை?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சமூகவியல் படித்தவள் நான். போசாக்கின்மை பற்றிய அட்டவணைகளை வாசித்திருக்கிறேன், அறிக்கைகளும் எழுதியிருக்கிறேன். ஒரு சுண்டு அரிசியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. எமது வீடுகளில் தராசு இல்லை. சுண்டு இருக்கிறது, அகப்பை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது. அவற்றால் அளக்க முடியாத கணக்கால் எமக்கு என்ன பயன்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கலோரி என்ற சொல்தான் அந்தக் கூட்டத்திற்குப் புதிது. அந்தக் கணக்கில் நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே வாழ்ந்திருக்கிறோம். 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் வரிசையில் நின்று வாங்கிய நிவாரண அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியவற்றுக்குப் பின்னால் இருந்ததும் கலோரிக் கணக்கே. அவசரகாலங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2100 கலோரி என்று வைத்துத்தான் உதவி நிறுவனங்கள் உலருணவைத் திட்டமிடுவது வழக்கம். குழந்தை, கிழவி, இளைஞன், வயிற்றில் பிள்ளையோடிருப்பவள் எல்லோரையும் ஒன்றாய்ப் போட்டுப் பிரித்து எடுத்த சராசரி அது. வேறு யாரோ எங்கேயோ இருந்து எமது வயிற்றுக்குக் கணக்குப் போட்டார்கள். நாங்கள் காட்டை நீட்டி வாங்கினோம். இப்போது எமது பானைக்கு நாமே கணக்குப் போடுவதென்றால் அதில் எனக்கு ஒரு விருப்பம் வந்தது. அந்த வரிசையில் நானும் நின்றவள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் வேலை சுண்டை நிறுப்பது. சந்திக் கடைக்காரரிடம் தராசைக் கேட்டு வாங்கி, ஆளுக்கொரு சுண்டு கொண்டுவந்து, நாட்டரிசியைத் தலை தட்டி நிரப்பி நிறுத்தோம். பால் ரின்னை வெட்டி எடுத்த சுண்டுகள் பெரும்பாலும் 240 கிராம் காட்டின. இரண்டு சுண்டு நெளிந்து ஒடுங்கிப் போயிருந்ததால் 220க்குக் கீழே நின்றன. அந்த இரண்டு வீட்டிலும் "மூண்டு சுண்டு போட்டும் சோறு காணாமல் போகுது" என்று கொஞ்ச நாளாகக் கதை இருந்ததாம். அன்று அதற்குக் காரணம் தெரிந்தது.

இனி எண்கள். கலோரி என்று நாம் பேச்சில் சொல்வதும், பைக்கற்றுகளில் கிலோ கலோரி என்று அடித்திருப்பதும் ஒன்றுதான். குழம்ப வேண்டாம். மாச்சத்து ஒரு கிராம் 4 கலோரி தரும். புரதமும் 4தான். கொழுப்பு மட்டும் 9. எண்ணெயும் தேங்காயும் ஏன் கணக்கை ஏற்றி விடுகின்றன என்பது இதிலேயே விளங்கும். சமைக்காத அரிசி, கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, பயறு, கௌபி எல்லாமே 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 என்று வைத்துக்கொண்டால் வீட்டுக் கணக்குக்குப் போதும். துருவிய தேங்காயும் கிட்டத்தட்ட 350. சீனி 100 கிராமுக்கு 400க்குச் சற்றுக் குறைவு. தோல் நீக்கிய கச்சான் 570 அளவில் வரும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120, தேக்கரண்டி 40. முட்டை ஒன்று 70. பூசணி, கத்தரி, கீரை வகை எல்லாம் மிகக் குறைவு. அவற்றை நாம் சக்திக்காகச் சாப்பிடுவதில்லை, மற்றச் சத்துக்களுக்காகச் சாப்பிடுகிறோம்.

ஒரு சுண்டு அரிசி 240 கிராம் என்றால் 840 கலோரி. அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப முள்ளிவாய்க்கால்ல குடிச்ச கஞ்சியில எவ்வளவு இருந்திருக்கும்?" என்று கேட்டார். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு ஒரு சின்னக் கைப்பிடி அரிசி விழுந்திருக்கலாம் என்றார்கள். 40 கிராம் என்று போட்டோம். 140 கலோரி வந்தது. பல நாட்களில் ஒரு நாளைக்கு அந்த ஒரு கோப்பைதான். யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்று அதோடு கூட்டத்தை முடித்துக்கொண்டோம்.

அடுத்த கூட்டத்தில் பானைக் கணக்கு. இதில் எல்லோரும் முதலில் விடும் பிழை ஒன்று இருக்கிறது. ஒரு தங்கச்சி அவித்த சோற்றை நிறுத்து, இரண்டு கிலோ வந்ததும், அதை 100 கிராமுக்கு 350 என்று பெருக்கி 7000 கலோரி என்று எழுதிவந்தார். "இவ்வளவும் திண்டா நாங்கள் எல்லாரும் யானையாயிருப்பம்" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி இல்லை. சமைக்கும்போது அரிசியின் நிறை இரண்டரை, இரண்டே முக்கால் மடங்காகும். கலோரி கூடாது. ஆகவே 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான் இருக்கும். சமைக்க முன்னர் அரிசியை அளந்து எழுதிவிட வேண்டும். சட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் அப்படியே போகும்போது எழுத வேண்டும். பிறகு ஞாபகத்தில் எழுதலாம் என்றால் எண்ணெயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான் பார்த்த பதினொரு கொப்பிகளில் ஏழில் தாளித்த எண்ணெய் இல்லை.

ஒரு வீட்டின் மத்தியானச் சமையலை உதாரணமாக எடுக்கிறேன். அந்த வீட்டு அக்காவின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். "பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், கணக்கை மட்டும் போடுங்கோ" என்றார். கணவர் இறந்து நான்கு வருடம். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினாறு, மகளுக்குப் பன்னிரண்டு, கடைசிக்கு ஆறு. ஷெல் காயத்தில் கால் விளங்காமற் போன தாயும் கூட இருக்கிறார். அக்கா கூலி வேலைக்குப் போகிறார். பருவத்தில் கச்சான் பிடுங்குதல், மற்றக் காலத்தில் வயலில் களை எடுத்தல்.

மூன்று சுண்டு அரிசி, 720 கிராம். 2520 கலோரி. பருப்பு 150 கிராம், 515. பாதித் தேங்காய் துருவினால் 130 கிராம், 455. ஆனால் பாலைப் பிழிந்துவிட்டுச் சக்கையைக் கோழிக்குப் போட்டுவிட்டார். சக்கையோடு எவ்வளவு போனது என்று வீட்டில் அளக்க வழியில்லை. மூன்றில் ஒன்று என்று குறைத்து 300 என்று வைத்தோம். பூசணி 300 கிராம், 80. நெத்தலிக் கருவாடு 50 கிராம், 150. எண்ணெய் எல்லாக் கறிக்குமாக இரண்டு மேசைக்கரண்டி, 240. வெங்காயம், மிளகாய், தூள் எல்லாமாக 50. கூட்டினால் 3855.

ஐந்து பேர். ஐந்தால் பிரித்தால் ஆளுக்கு 771. "பரவாயில்லையே" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நேரத்துக்கு 771 என்றால் மோசமில்லை. பத்திரிகைகளில் சமையற் குறிப்புக்குக் கீழே "ஒருவருக்கு இவ்வளவு கலோரி" என்று போடுவதும் இதே முறையில்தான். சட்டியை ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்துவிடுவார்கள்.

ஆனால் எமது வீடுகளில் சட்டி அப்படிப் பிரிவதில்லை அல்லவா? ஆகவே அடுத்த கட்டமாக, பரிமாறும்போது கோப்பையை நிறுத்துப் பார்க்கச் சொன்னோம். இதற்குள் சங்கப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கியிருந்தார்கள். அது வீடு வீடாகச் சுற்றியது. வெறுங் கோப்பையை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சோற்றைப் போட்டால் சோற்றின் நிறை தெரியும். யாரும் யாருடைய கோப்பையையும் பார்க்கப் போவதில்லை, அவரவர் வீட்டில் அவரவரே எழுதுவது என்பது ஏற்பாடு. மற்றவர் கோப்பையை எட்டிப் பார்ப்பது எமக்குப் பழக்கமில்லாதது, நல்லதுமில்லை.

அந்த அக்கா தாமாகவே தமது கொப்பியைக் கூட்டத்தில் விரித்தார். பானையில் மொத்தச் சோறு 1950 கிராம். மூத்தவனுக்கு 600. மகளுக்கு 400. அம்மம்மாவுக்கு 300. கடைசிக்கு 250. மிச்சம் 400. அதில் பாதியைச் சட்டிக்குள் மூடி வைத்துவிட்டார், இரவு கடைசிப் பிள்ளை சோறு கேட்பான் என்று. அவருடைய கோப்பையில் 200 கிராம் சோறு. 260 கலோரி. கறிச்சட்டியை வழித்தெடுத்ததைச் சேர்த்தால் இன்னுமொரு 70. மொத்தம் 330.

771 என்று நாங்கள் எழுதிய இடத்தில் 330.

அவரிடம் நான் மற்ற நேரச் சாப்பாட்டையும் கேட்டேன். காலையில் இரண்டு துண்டுப் பாணும் கொஞ்சம் சம்பலும், 200 அளவில். இரவு ஒரு சின்னத் துண்டு பிட்டு, தேங்காயோடு சேர்த்து 250 என்று வைத்தோம். பிறகு பிளேன்ரீ. நாளுக்கு நான்கு தரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி குவித்துப் போட்டு. ஒரு தேத்தண்ணி 50 என்றால் நான்கும் 200. எல்லாம் கூட்டினால் 980. வெயிலில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 2000க்கு மேல் வேண்டும். பாதியும் இல்லை. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சீனித் தண்ணீர்.

"எனக்குப் பசிக்கிறேல்ல எண்டுதான் நான் நினைச்சனான்" என்றார். "பசிக்கேக்க ஒரு தேத்தண்ணி குடிப்பன். பிறகு பசிக்காது."

படிக்கும் காலத்தில் குடும்பம் என்பதை ஓர் அலகாக எடுத்து ஆய்வுசெய்வதில் உள்ள குறைபாடு பற்றி நீண்ட விரிவுரை ஒன்று கேட்டிருக்கிறேன். குடும்ப வருமானம், குடும்ப உணவு என்று பேசும்போது குடும்பத்துக்குள்ளே யாருக்கு எவ்வளவு என்பது மறைந்துவிடும் என்பதே அதன் சாரம். பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன். அந்த 200 கிராம் சோற்றைப் பார்த்த பிறகுதான் நான் எழுதியது என்னவென்று எனக்கே விளங்கியது.

கொப்பியில் இன்னொரு விடயமும் இருந்தது. அதை அக்கா கவனிக்கவில்லை, பக்கத்திலிருந்தவர்தான் காட்டினார். முதல் கிழமையில் மகளின் கோப்பை 400. இரண்டாம் கிழமையில் 350, 330, 300 என்று இறங்கியிருக்கிறது. தராசில் எழுதும் வேலையை மகளிடம்தான் அக்கா கொடுத்திருந்தார். தாயின் கோப்பை எவ்வளவு என்று எழுதிப் பார்த்த பிள்ளை, தானும் குறைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, "எனக்கும் பசிக்கேல்ல அம்மா" என்றாளாம். தான் சொன்ன அதே வார்த்தை என்று அக்கா சொன்னபோது அவருடைய குரல் மாறிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, வளரும் வயது, பெரியபிள்ளையாகும் வயது. அவளுக்கும் நாளுக்கு 2000 அளவில் வேண்டும்.

பங்கை மாற்றினால் போதும் என்று சொல்லி நான் தப்பிவிட முடியாது. மூத்தவனுடைய 600 கிராமைக் குறை என்று யார் சொல்வது? பள்ளிக்கூடம் முடிந்து பந்து விளையாடும் பதினாறு வயதுப் பையனுக்கு அது அதிகமில்லை. பானையே சிறியது என்பதுதான் உண்மை. 2022இல் அரிசியும் பருப்பும் எரிவாயுவும் விலை ஏறியபோது எத்தனையோ வீடுகளில் முதலில் குறைந்தது தாயின் கோப்பைதான். அப்போது குறைந்தது பிறகு ஏறவேயில்லை, அதுவே பழக்கமாகிவிட்டது. காசில்லாத வீட்டில் கணக்கு சோறாகாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கே குறைகிறது என்று தெரிந்தால் இருக்கும் காசை எங்கே போடுவது என்று யோசிக்கலாம்.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். அரை சுண்டு அரிசி கூட்டினார்கள், 420 கலோரி. தேங்காய்ச் சக்கையை எறியாமல் முருங்கையிலை வறைக்குப் போட்டார்கள். முருங்கை வேலியில் நிற்கிறது. நாலு தரம் குடித்த பிளேன்ரீ இரண்டாகக் குறைந்தது, மிச்சமான சீனிக் காசு பருப்புக்குப் போனது. கச்சான் பிடுங்கப் போகும் காலத்தில் கூலியோடு கொஞ்சம் கச்சானும் கிடைக்கும். அதை முழுவதும் விற்காமல் ஆளுக்கு ஒரு கைப்பிடி, 30 கிராம், அவித்தோ வறுத்தோ எடுத்தார்கள். அதில் மட்டும் 170 கலோரி இருக்கிறது, புரதமும் இருக்கிறது. இவற்றோடு நான் பெரிதாக நினைக்கும் மாற்றம் ஒன்று. சோறு வடித்தவுடன் தன் பங்கை முதலில் ஒரு மூடியுள்ள சட்டியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுகிறார். முதல் நாள் அவருக்கு அது களவெடுப்பதுபோல இருந்ததாம். தாய் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏதும் சொல்லப் போகிறார் என்று பயந்திருக்கிறார். தாய், "மூடியைச் சரியா மூடு, எறும்பு வரும்" என்று மட்டும் சொன்னாராம்.

இனி அந்த இரண்டரை வயதுப் பிள்ளையின் கதைக்கு வருவோம். அந்தத் தாய் பிள்ளைக்கு மூன்று நேரமும் கஞ்சி கொடுத்துவந்தார். பிள்ளை ஒரு கோப்பை நிறையக் குடித்தான், வயிறு நிறைந்தது, அழவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்க் கஞ்சியில் அரிசி 20 கிராம்தான். 70 கலோரி. மூன்று நேரமும் 210. இந்த வயதில் ஒரு நாளைக்கு 1000 கலோரி அளவில் வேண்டும். பிள்ளையின் வயிறு சின்னது, அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் மற்றதுக்கு இடமில்லை. அதே கோப்பையை 35 கிராம் அரிசியும் 10 கிராம் பருப்பும் போட்டுத் தடிப்பாகக் குழைத்து, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் 200 வரும். கோப்பை பெரிதாகவில்லை, உள்ளே இருப்பது மூன்று மடங்காகிறது. அதோடு சில நாட்களில் ஒரு முட்டை, இடையில் ஒரு வாழைப்பழம், அவித்த கௌபி மசித்து. மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு தரம் சின்னச் சாப்பாடும் என்று பழக்கச் சொன்னோம்.

திரிபோஷா பற்றியும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும்போது ஒரு பிள்ளைக்கு மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு. நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கு அது. ஏறத்தாழ 200 கலோரி. எமது வீடுகளில் அதை உருண்டை பிடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். பெரியவர்களும் வாயில் போடுவார்கள். நாலு பேருக்குப் பிரிந்தால் அந்தப் பிள்ளைக்குப் போவது 12 கிராம், 50 கலோரி. மற்றப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் கொடுப்பதாக அந்தத் தாய் சொன்னார். அது அவருடைய கண்டுபிடிப்பு.

எல்லோருக்கும் குறைவு என்றும் நினைத்துவிட வேண்டாம். சங்கத்தில் நீரிழிவு உள்ள ஓர் அன்ரி இருக்கிறார். சோறு கூடாது என்று யாரோ சொன்னதால் இரவில் "ரெண்டு துண்டு பிட்டு மட்டும்தான்" சாப்பிடுவார். அவருடைய பிட்டைக் கணக்குப் போட்டோம். அரைக் கிலோ மா 1750, பாதித் தேங்காய் 455, மொத்தம் 2205. ஆறு துண்டு வந்தது. ஒரு துண்டு 367. இரண்டு துண்டு 734. அதற்குமேல் ஒரு கதலிப்பழமும் சீனியும். ஒரு கோப்பைச் சோறு, 400 கிராம், சாப்பிட்டிருந்தால்கூட 520தான். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரை ஏமாத்தினான்?" என்று அன்ரி தலையில் கை வைத்தார். ஒரு துண்டாக்கி, பக்கத்தில் நிறையக் கீரையும் மரக்கறியும் வைக்கிறார். மருந்து எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத் தாமாகவே சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கலோரி மட்டும் சாப்பாடு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னர் சொன்ன அக்காவுக்கு அடிக்கடி தலைச்சுற்று வரும். இரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். அது எமது கலோரிக் கொப்பியில் எங்கும் தெரியாது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் நல்லது. மாத்திரை தந்தால் ஒழுங்காக எடுக்க வேண்டும்.

தராசு இல்லாத தோழியருக்கு: எல்லாவற்றையும் நிறுக்க வேண்டிய அவசியமில்லை. கடையில் ஒருமுறை உங்கள் சுண்டை நிறுத்து அதன் அடியில் ஆணியால் எழுதிவிடுங்கள். உங்கள் அகப்பை எத்தனை கிராம் சோறு அள்ளும் என்றும் ஒருமுறை பாருங்கள். எமது சங்கத்தில் ஒரு அகப்பை 110 கிராம் தொடக்கம் 150 கிராம் வரை வேறுபட்டது. 130 கிராம் அகப்பை என்றால் ஒரு அகப்பை 170 கலோரி. பிறகு அகப்பையை எண்ணினால் போதும். பைக்கற்றுச் சாமான் வாங்கினால், அதில் போட்டிருப்பது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். நாலு பிஸ்கற்றை ஒரு பரிமாறல் என்று போட்டிருப்பார்கள், பிள்ளைகள் பைக்கற்றோடு முடிப்பார்கள்.

நான் கடைசியாகப் போனபோது கடைசிப் பிள்ளையின் கிளினிக் கொப்பியை அந்த இளந்தாய் காட்டினார். 400 கிராம் கூடியிருந்தது. அக்காவின் கொப்பியையும் பார்த்தேன். அவருடைய மத்தியானக் கோப்பை 330இலிருந்து 590க்கு வந்திருக்கிறது. மகளின் நிரலில் மீண்டும் 400. சில நாட்களில் அக்காவின் நிரல் பழையபடி 300க்கு இறங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன். அந்த நாட்களில் வேலை இல்லை என்றார்.

உங்கள் வீட்டுச் சுண்டு எத்தனை கிராம், அகப்பை எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதி அனுப்புங்கள். ஒடியல் கூழையும் குரக்கன் பிட்டையும் கணக்குப் போட்டுத் தரும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள். கூழுக்குள் எத்தனை சாமான் போகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு எனக்கு ஒரு மாதமாவது வேண்டும்.